விளையாட்டுச் சாமான் என்று யார் சொன்னது?

ஆர்டுயினோ போன்ற மலிவான நுண்கட்டுப்படுத்திப் பலகைகளை விளையாட்டுச் சாமான்கள் என்று ஒதுக்கித் தள்ளுவது நம்மவரிடையே ஒரு கௌரவமாகிவிட்டது. சில காலத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற விவசாயக் கருத்தரங்கொன்றில், மேடையில் வீற்றிருந்த நிபுணர் ஒருவர் இதே சொல்லைத்தான் சொன்னார். சபை சிரித்தது. அடுத்ததாக, வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட, முத்திரையிட்டு மூடிய சாம்பல் நிறப் பெட்டியொன்றைத் தூக்கிக் காட்டி, தோட்டக் கிணறுகளுக்கு ஏற்றது இதுவே என்றார். விலையைச் சொன்னபோது சபை சிரிக்கவில்லை. பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டு உழன்ற பழக்கத்தினால், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அது நிறுவனத்தின் இரகசியம் என்பது போலொரு புன்னகையே பதிலாகக் கிடைத்தது.

இரகசியம் ஒன்றுமில்லை. அதற்குள் இருப்பதும் ஒரு நுண்கட்டுப்படுத்திதான். கணிப்பகுதி, நினைவகம், வெளியுலகோடு பேசும் கால்கள் ஆகிய அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கிய சாதனம் அது. சலவை இயந்திரத்துக்குள்ளும் மோட்டார் வாகனத்துக்குள்ளும் இருப்பது அதன் உறவுக்கூட்டமே. 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில், பொறியியல் படியாத மாணவர்களும் கையாளத்தக்க ஒரு பலகை வேண்டுமென்று தொடங்கப்பட்டதே ஆர்டுயினோ. அதன் புகழ்பெற்ற ஊனோ பலகையிலுள்ள சில்லு செக்கனுக்கு 160 இலட்சம் துடிப்புகளில் இயங்குவது. 32 கிலோபைட் நிரலிடமும் 2 கிலோபைட் நினைவகமும் கொண்டது. 2021 ஜனவரியில் ராஸ்பெரி பை பிக்கோ 4 டொலர் விலையில் வெளிவந்தது. அதில் கணிக்கருக்கள் இரண்டு. நினைவகம் 264 கிலோபைட்.

அப்படியானால் சாம்பல் நிறப் பெட்டிக்கும் இந்தப் பலகைக்கும் வேறுபாடே இல்லையா? இருக்கிறது. மின்னல் தாக்கத்தைத் தாங்கும் காப்பு, மோட்டாரின் மின்சாரம் மூளைப் பக்கம் பாயாதபடி பிரித்து வைக்கும் சுற்று, உறுதியான இணைப்பு முனைகள், வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்துச் செய்த சோதனை. இவற்றுக்கு விலை கொடுப்பது நியாயமே. மூளைக்கென்று சொல்லி அந்த விலையை வாங்குவதே நியாயமற்றது. மூளை மலிவானது. உடம்புக்குத்தான் செலவு. அந்த உடம்பை நம் ஊரிலேயே செய்ய முடியுமா என்பதுதான் கருத்தரங்கில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி. எழவில்லை.

இனி, "நிகழ்நேரக் கட்டுப்பாடு" என்ற சொல்லுக்கு வருவோம். மேடைகளில் இச்சொல்லை "வேகம்" என்ற பொருளில் எறிகிறார்கள். வேகம் வேறு, நிகழ்நேரம் வேறு. நிகழ்நேரம் என்பது கெடு தவறாமை. கெடுவுக்குப் பின் வரும் சரியான விடை, பிழையான விடையே. தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த மண்ணுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தாளம் போடுகிறவர் விரைவாகப் போட வேண்டுமென்று எவரும் கேட்பதில்லை. விழ வேண்டிய இடத்தில் விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் விழ வேண்டும்.

உங்கள் மேசைக் கணினி இந்தச் சிறு பலகையைவிடப் பல நூறு மடங்கு வேகமானது. ஆனால் அது தாளம் தவறும். ஒரே வேளையில் திரையைப் புதுப்பிக்கிறது, வட்டில் எழுதுகிறது, வலையமைப்பைக் கவனிக்கிறது. உங்கள் மோட்டாரின் முறை எப்போது வருமென்று உறுதி கூற அதனால் இயலாது. சாதாரண லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த உறுதியைக் கொண்டுவர நடந்த முயற்சி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்து, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12ஆம் பதிப்பில்தான் மூல நிரலோடு முழுமையாகச் சேர்ந்தது. ஒரே ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாத சிறு பலகைக்கு அந்தத் தொல்லையே இல்லை.

கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். கடைச்சல் பட்டறைகளில் இப்போது பேசப்படும் படிமோட்டார், ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்டது. ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரித்தால் 3,200 துடிப்புகள். செக்கனுக்கு 5 சுற்று என்றால் 16,000 துடிப்புகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 62.5 மைக்ரோசெக்கன். அந்த இடைவெளியில் ஊனோ பலகையின் சில்லு சரியாக 1,000 துடிப்பு எண்ணிவிடும். அடுத்த துடிப்பை அனுப்ப அது தாராளமாகப் போதும். இது ஏட்டுக் கணக்கன்று. 2009இல் நோர்வேக்காரர் ஒருவர் எழுதி உலகுக்கு இலவசமாகக் கொடுத்த கிரபிள் என்ற நிரல் இதே சில்லில் ஓடித்தான் உலகெங்கும் சிறு பட்டறைகளில் மரத்தையும் உலோகத்தையும் அளவு பிசகாமல் செதுக்குகிறது. பிக்கோ பலகையிலோ துடிப்பு அனுப்புவதற்கென்றே தனியாக எட்டுச் சிறு பொறிகள் இருக்கின்றன. முதன்மைக் கரு வேறெதில் மூழ்கியிருந்தாலும் அவை தம் தாளத்தை விடா. இவற்றைத்தான் விளையாட்டுச் சாமான் என்கிறார்கள்.

நீர்வேலிக்கு வருகிறேன். எங்கள் ஊரில் செம்மண்ணும் வாழையும் இருக்கின்றன, ஆறு இல்லை. குடாநாடு முழுவதற்குமே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கிழக்கே உப்பாறு. கைபன்–ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதியொன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்குமாம். மேலே ஒரு மீற்றரை நிரந்தரமாக இழந்தால் கீழே என்ன நடக்குமென்பதை அந்த விதியிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். கிணறு ஒருமுறை உவரானால் அதை மீட்பது மழையின் கையில்.

துலா இருந்த காலத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. துலா மிதிப்பவர் ஒருவர், பட்டை பிடித்து ஊற்றுபவர் ஒருவர், வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் ஒருவர். பட்டை சேற்றைத் தொட்டால் பிடித்தவரின் கைக்கு அக்கணமே தெரியும்; குரல் எழும்; துலா நிற்கும். உணரி, கட்டுப்படுத்தி, இயக்கி மூன்றும் கிணற்றடியிலேயே இருந்தன. செய்தி வேறெங்கும் போய்வர வேண்டியிருக்கவில்லை. மண்ணெண்ணெய் மிசின் வந்து, பின்னர் மின் மோட்டார் வந்து, அந்த மூவரையும் விடுவித்தது. மிக நல்லது. துலா மிதித்தவர்களின் கால்களைப் பார்த்தவன் எவனும் அந்தக் காலம் திரும்ப வேண்டுமென்று கேட்க மாட்டான். ஆனால் அவர்களோடு சேர்ந்து அந்தக் குரலும் போயிற்று. மோட்டாருக்குச் சேறு தெரியாது. தண்ணீர் வற்றிய பின்னும் சுழலும். சில நிமிடங்களில் அடைப்பு வளையம் கருகும். உருகி போகும்வரை தோட்டக்காரர் வீட்டில் உறங்குவார்.

இந்தக் குரலைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டுதான் கைத்தொலைபேசிப் பெட்டிகள் வருகின்றன. எங்கள் ஒழுங்கையிலுள்ள வாழைத் தோட்டக்காரர் ஒருவருக்கு அவ்வாறான ஒன்று கிடைத்தது. யார் கொடுத்தார்கள் என்பது இங்கு தேவையில்லை. தொலைபேசித் திரையில் அழகான பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். பச்சையை அழுத்தினால் கட்டளை கோபுரத்துக்குப் போகும். அங்கிருந்து எந்த நாட்டிலோ உள்ள வழங்கிக்குப் போகும். அங்கிருந்து திரும்பிக் கிணற்றடிக்கு வரும். ஒருநாள் மாலை பச்சை வந்து சேர்ந்தது. சிவப்பு வந்து சேரவில்லை. இடையில் அலைத்தொடர்பு அறுந்துவிட்டது. பெட்டியோ தனக்குக் கிடைத்த கடைசிக் கட்டளைக்கு விசுவாசமாக விடியும்வரை மோட்டாரை ஓட்டியது. முறைப்பாடு செய்தபோது, இணைப்பு நிலையற்ற இடங்களுக்கு இது பொருத்தமற்றது என்று அறிவுரை கிடைத்ததாம். நீர்வேலிச் சந்தியிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள தோட்டம் அது.

இங்கேதான் என் வாதத்தின் அடி இருக்கிறது. கெடு உள்ள வேலையை, கெடுவைக் காக்க முடியாத வழியில் அனுப்பக்கூடாது. கிணற்று நீர் குறைந்துவிட்டதா, மோட்டார் வெறுமையாகச் சுழல்கிறதா என்ற முடிவு கிணற்றடியிலேயே, அங்குள்ள சிறு பலகையாலேயே, எவருடைய அனுமதியையும் எதிர்பாராமல் எடுக்கப்பட வேண்டும். தொலைபேசிக்கு அதன் பின்னர் செய்தி போகட்டும். பிந்திப் போனாலும் கேடில்லை. தொலைபேசியே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. இந்தியாவில் நானோ கணேஷ் என்ற கருவி, தொலைவிலுள்ள மோட்டாரைக் கைத்தொலைபேசியால் இயக்க வழிசெய்து, இருட்டில் பாம்புக்குப் பயந்து வரம்பில் நடந்த உழவர்களுக்குப் பேருதவி புரிந்தது. ஆனால் தொடக்குவதற்குத் தொலைவிலிருந்து கட்டளையிடுவது ஒன்று. நிறுத்துவதற்குத் தொலைவை நம்பியிருப்பது முற்றிலும் வேறொன்று.

இவ்வளவு எழுதியதும், பலகைப் பிரியர்கள் என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. விளையாட்டுச் சாமான் என்ற பெயரைச் சம்பாதித்துக் கொடுத்ததில் அவர்களுக்கும் பங்கிருக்கிறது. பாடசாலைக் கண்காட்சியில் ஒரு மின்குமிழ் எரிந்து அணையும், அதிபர் கைதட்டுவார், படம் பிடிப்பார்கள் (நானும் எத்தனையோ படங்களைப் பத்திரிகையில் போட்டிருக்கிறேன்), மறுநாள் பலகை அலுமாரிக்குள். அந்தக் குமிழை எரியவிடக் கற்பிக்கப்படும் முதல் நிரலிலேயே ஒரு நஞ்சு இருக்கிறது. "இவ்வளவு நேரம் பொறுத்திரு" என்ற கட்டளை அது. அந்தப் பொறுத்திருப்பில் பலகை குருடாகவும் செவிடாகவும் இருக்கும். குமிழுக்கு அது போதும். அதே பழக்கத்தில் முப்பது செக்கன் பொறுத்திருக்கும்படி எழுதிய நிரலை மோட்டாரில் கட்டினால், அந்த முப்பது செக்கனில் தண்ணீர் வற்றினாலும் கை சிக்கினாலும் அதற்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு இரண்டாம் பாடத்தை யார் கற்பிக்கிறார்கள்?

இன்னொன்று. ஆர்டுயினோவின் மில்லிசெக்கன் மணி 4,294,967,295 வரை எண்ணி மீண்டும் பூச்சியத்துக்கு வரும். அதாவது 49 நாளும் 17 மணியும். முடிய வேண்டிய நேரத்தை முன்கூட்டியே கூட்டிவைத்து ஒப்பிடும் நிரல் அன்றைக்குத் தடுமாறும். கழிந்த நேரத்தைக் கழித்துப் பார்க்கும் நிரல் தடுமாறாது. ஒரேயொரு வரியில் உள்ள வேறுபாடு. சின்ன வெங்காயத்துக்கு இரண்டு மாதமும் சில நாளும் வேண்டும். நட்ட அன்று பெட்டியைப் பூட்டினால், கிழங்கு திரளும் வேளையில் அந்த நாள் வந்து நிற்கும். மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த 2022இல் இந்தப் பிழை எவர் கண்ணிலும் பட்டிருக்காது. பலகை நாள்தோறும் புதிதாகப் பிறந்திருக்கும்! மின்சாரம் ஒழுங்காக வரும் காலத்தில்தான் இது பல்லைக் காட்டும்.

மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் கொன்ரக்டரின் சுருள் விடுபடும்போது எழும் மின்னுதையில் பலகை தன்னை மறந்து மறுபடி தொடங்கும்; அதைத் தணிக்கும் சிறு உறுப்பு சில ரூபாய்தான், ஆனால் பலர் போடுவதில்லை. நிரல் தொங்கினால் பலகையைத் தட்டி எழுப்பும் காவற் கடிகாரம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்கி வைப்பவர்களும் சிலரே. எறும்பையும் பல்லியையும் பற்றித் தோட்டக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பெரியது இது. கடைசிக் கதவை நிரலிடம் ஒப்படைக்கக்கூடாது. 1985 முதல் 1987 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தனர். முந்திய இயந்திரங்களில் கம்பியாலும் ஆளியாலும் அமைந்திருந்த தடைகளை எடுத்துவிட்டு, அந்தக் காவலையும் மென்பொருளிடமே கொடுத்திருந்தார்கள். நிரலின் இரு பகுதிகள் ஒன்றையொன்று முந்த முயன்ற ஓர் அரிய தருணத்தில் காவல் இல்லாமற் போயிற்று. அது மலிவான பலகையன்று. பெரிய நிறுவனத்தின் விலையுயர்ந்த இயந்திரம். விலை பாதுகாப்பைத் தருமென்று நம்புகிறவர்களும் மலிவு போதுமென்று துள்ளுகிறவர்களும் இதைச் சேர்ந்தே படிக்க வேண்டும். ஆகவே, கிணற்றுக்குள் ஒரு மிதவை ஆளி. அது பலகையைக் கேட்காமல் நேரடியாகக் கொன்ரக்டரின் சுருளைத் துண்டிக்க வேண்டும். அந்தக் கம்பியில் 24 வோல்ட்டுக்கு மேல் ஓடக்கூடாது. கிணற்றுக்குள் 230 வோல்ட் இறக்குபவன் கொலைகாரன். அரிவாள் சுழலும் இயந்திரமானால் கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புக் குமிழ் ஆளி. அதுவும் நேராகக் கம்பியில்.

இவ்வளவு நிபந்தனை போட்டுவிட்டு, ஏன் இந்தப் பலகைக்காக வழக்காடுகிறேன்? பேசாமல் சாம்பல் பெட்டியையே வாங்கிவிடலாமே?

வாங்கலாம், நாம் வேறோர் ஊரில் பிறந்திருந்தால். 1990இல் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருளும் மின்கலமும் உரமும் பட்டியலிட்டுத் தடுக்கப்பட்ட ஆண்டுகளில், சைக்கிள் தைனமோவை மிதித்து வானொலி கேட்டவர்கள் நாம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த பிள்ளைகள் இன்று உலகெங்கும் பொறியியலாளர்கள். அந்தக் காலத்தில் எங்கள் மிசின்களை ஓடவைத்தது, அவற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்த பட்டறைக்காரர்கள்தான். ஏ9 பாதை 2002இல் திறந்தது, 2006இல் மீண்டும் மூடியது. போர் முடிந்தபின் எல்லாம் சரியாகிவிட்டதென்றிருந்தோம். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. இறக்குமதிக்கு டொலர் இல்லாத மாதங்களில், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பெட்டியொன்று பழுதானால் அதற்கு யார் வந்திருப்பார்கள்? கடவுச்சொல் விற்றவரிடம். உதிரிப்பாகம் வெளிநாட்டில். நிரலோ எவருக்கும் காட்டப்படாதது. தண்ணீர் நம்முடையது, சாவி பிறருடையது.

திறந்த பலகையில் அப்படியில்லை. சில்லு போனால், ஒன்றிரண்டு வாழைக்குலை விற்ற காசுக்குள் இன்னொன்று வாங்கி, அதே நிரலை ஏற்றி, அன்று மாலையே மோட்டாரை ஓட்டலாம். ஒரு வகைச் சில்லுக்குத் தட்டுப்பாடு வந்தால் வேறொன்றுக்கு நிரலை மாற்றி எழுதலாம், எழுதத் தெரிந்தவர் ஊரில் இருந்தால். சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற பெயரில் சில்லையே வடிவமைத்து 2018இல் இயக்கிக் காட்டினார்கள். அந்த வடிவமைப்பையும் திறந்தே வைத்தார்கள். அங்கே சில்லைப் படைக்கிறார்கள். இங்கே நாம் பலகையைத் தொடுவது கௌரவமா என்று விவாதித்துக் கொண்டிருக்கிறோம்.

விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். 230 வோல்ட் பக்கத்து வேலையை அனுமதி பெற்ற மின்னிணைப்பாளர் செய்யட்டும். புவிக்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இல்லாமல் எவரும் தொடவேண்டாம். சாம்பல் பெட்டிக்கும் இதே விதிதான். எங்கள் ஒழுங்கைத் தோட்டக்காரரின் கருகிய மோட்டாருக்கு இன்றுவரை எவரும் பொறுப்பேற்கவில்லை என்பதையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014இலிருந்து மாணவர்களை ஏற்று வருகிறது. திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நான் கேட்பது புதிய கட்டடமுமன்று, இன்னொரு கருத்தரங்குமன்று. நீர்வேலியில் ஒரு கிணறு, ஒரு பலகை, ஒரு மிதவை ஆளி, ஒரு கொப்பி. இரண்டு போகம் ஓடட்டும். பலகை எத்தனை முறை தானாக மறுபடி தொடங்கியது, எந்த மழைக்குப் பெட்டிக்குள் நீர் புகுந்தது, ஐம்பதாம் நாள் என்ன நடந்தது என்பவற்றை அந்தக் கொப்பியில் எழுதி, தோல்விகளையும் மறைக்காமல் வெளியிடுங்கள். நிரலையும் வெளியிடுங்கள், ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் தமிழில் இருக்கட்டும். கிணறு என்னிடம் இருக்கிறது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் தொடங்கலாம்.